நல்ல டாக்டர்கள், நல்ல கருவிகள் எல்லாம் இருந்தும் மருத்துவமனையில் ஏன் இத்தனை காத்திருப்பு, இத்தனை குழப்பம்? இதைச் சரிசெய்ய எங்கே தொடங்க வேண்டும்?

வார்டில் நர்ஸாக நெடுநாள் இருந்துவிட்டு, இப்போது மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கோளாறு பெரும்பாலும் ஆட்களிடம் இல்லை, துறைகளுக்குள்ளும் இல்லை. நோயாளி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடங்களில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் நடுவில் கசிவது அபூர்வம், மூட்டில்தான் கசியும்.

இந்த மூட்டுகளுக்கு யாரும் பொறுப்பாளி கிடையாது என்பதுதான் விஷயமே. அறுவை சிகிச்சைத் துறைக்கு ஒரு தலைவர் இருக்கிறார். லேபுக்கும் மருந்தகத்துக்கும் தனித்தனியாகப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். லேபில் தயாரான ரிப்போர்ட் வார்டுக்கு வந்து, உரிய டாக்டர் அதைப் பார்த்து, மருந்தை மாற்றும் வரைக்கும் யார் பொறுப்பு? கேட்டுப் பாருங்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். லேப் தன் வேலையை நேரத்துக்கு முடித்திருக்கும், டாக்டரும் ரிப்போர்ட் கையில் வந்ததும் பார்த்திருப்பார். இடையில் மூன்று மணி நேரம் எங்கே போனது என்று யார் கணக்கிலும் இருக்காது.

‘படுக்கை இல்லை’ என்ற புகாரையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா நிர்வாகமும் உடனே யோசிப்பது புதுக் கட்டடம். நான் அதற்கு முன்னால் ஒரு டிஸ்சார்ஜை உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

காலை ஒன்பதரை மணி ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், “இவரை இன்னைக்கு அனுப்பிடலாம்” என்கிறார். வீட்டார் பையைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய ஜூனியர் டாக்டரோ ரவுண்ட்ஸ் முடியும்வரை அங்கிருந்து நகர முடியாது. முடிந்ததும் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டும். சம்மரி இல்லாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்து வராது. வார்டில் மீந்த மருந்தைத் திருப்பிக் கணக்கு முடிக்காமல் பில் போட முடியாது. பில் போகாமல் காப்பீட்டு ஒப்புதல் வராது. எல்லாம் முடிந்து நோயாளி எழுந்து போகும்போது மாலை ஐந்து. சரியாக அந்த நேரத்தில்தான் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஷிப்ட் மாறும். படுக்கையைத் துடைத்து விரிப்பு மாற்ற ஆள் வர இன்னும் கொஞ்ச நேரம்.

இதற்கிடையில் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது? அவசரப் பிரிவில் காலையிலேயே அட்மிஷன் முடிவான ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார். ஐ.சி.யு.வில் தேறிய ஒருவர் வார்டில் இடமில்லாமல் அங்கேயே இருக்கிறார். அதனால் ஐ.சி.யு.வில் இடமில்லை; அதனால் மதியம் நடக்க வேண்டிய ஒரு பெரிய அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது. நேற்றிரவிலிருந்து சாப்பிடாமல் இருந்த அந்த நோயாளியிடம் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லப் போவது யார் என்று ஒரு சின்னத் தகராறு வேறு. சர்ஜன் ஐ.சி.யு.வைத் திட்டுகிறார், ஐ.சி.யு. வார்டைத் திட்டுகிறது. உண்மையில் எல்லோரும் காத்திருப்பது எழுதப்படாத அந்த ஒரு சம்மரிக்காக.

இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. அட்மிஷன் அன்றே, உத்தேசமாக எப்போது வீட்டுக்குப் போவார் என்று ஒரு தேதியைக் கேஸ் ஷீட்டில் எழுதி, தினமும் திருத்திக்கொண்டே வர வேண்டும். நாளை போகப் போகிறவருக்கு இன்று மாலையே சம்மரியின் வரைவு தயாராக இருக்க வேண்டும், காப்பீட்டுத் தாள்களும் முந்தின நாளே போக வேண்டும். அப்புறம் ரவுண்ட்ஸ் போகும் வரிசை. முதல் பெட்டில் தொடங்கிக் கடைசி பெட் வரை போவதுதான் வழக்கம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் உடல்நிலை மோசமாக இருப்பவர்கள், அடுத்து வீட்டுக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் அதற்குப் பிறகு என்று மாற்றினால் மதியத்துக்கு முன்பே படுக்கைகள் காலியாகத் தொடங்கும். ஒரு கட்டில்கூடப் புதிதாக வாங்க வேண்டாம்.

ஓ.பி. கூட்டத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். ஒரு டாக்டர், ஒரு நோயாளிக்குச் சராசரி பத்து நிமிடம். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, இன்னொருவருக்கு இருபது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரிப்படி, டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம். 90 சதவீதம் நிரம்பினால் 90 நிமிடம். 95 சதவீதம் ஆனால் 190 நிமிடம்! கடைசி ஐந்து சதவீதத்துக்காக நோயாளிகள் கூடுதலாகக் கொடுக்கும் விலை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். ‘எங்கள் டாக்டர்கள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை’ என்று நிர்வாகி பெருமையாகச் சொன்னால், வெளியே பெஞ்சில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஐ.சி.யு., அவசரப் பிரிவு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கொஞ்சம் இடம் காலியாக இருப்பதை வீண்செலவு என்று நினைக்கக் கூடாது.

அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கிறது என்றால் அது வேறு மாதிரிப் பிரச்சினை. அந்த மூன்று வாரம் ஒரு வருடமாகக் கூடாமல் குறையாமல் அப்படியே நிற்கிறது என்றால், தினமும் வருகிறவர்களும் தினமும் பார்க்கப்படுகிறவர்களும் ஏறத்தாழச் சமம் என்றுதான் அர்த்தம். நடுவில் நிற்பது பழைய பாக்கி மட்டும். அதைச் சில வாரம் கூடுதல் நேரம் போட்டுத் தீர்த்துவிட்டால், இன்றைக்கு வருகிறவரை இன்றைக்கே பார்க்கலாம். அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே அமைப்பின் வடக்குக் கலிஃபோர்னியா மருத்துவ நிலையம் ஒன்றில் இப்படிச் செய்து, 55 நாள் காத்திருப்பை ஒரே நாளாகக் குறைத்தார்கள். பாக்கியைத் தீர்க்கும் அந்தச் சில வாரங்கள் ஊழியர்களுக்குக் கஷ்டமானவை. பாதியில் கைவிடுபவர்கள்தான் அதிகம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஷிப்ட் மாற்றம்.

இரவு டூட்டி முடித்த சிஸ்டர் காலையில் வந்தவரிடம் ஒப்படைக்கும்போது சொல்வது இப்படி இருக்கும்: “பன்னெண்டாம் பெட் பரவாயில்லை, நைட் நல்லா தூங்கினார்.” பொய் இல்லை. ஆனால் அவருக்குக் காலை ஆறு மணிக்குப் பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறது, ரிப்போர்ட் வரவில்லை, அளவு குறைவாக இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது சொல்லப்படவில்லை. அனுப்பியவருக்குத் தெரியும், அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். வந்தவருக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் இருப்பதே தெரியாது, அதனால் தேடவும் மாட்டார்.

டாக்டர்களிடமும் இதே கதைதான். ஐ-பாஸ் என்று ஒரு முறை இருக்கிறது. நோயாளி எந்த அளவுக்கு மோசம், அவருடைய கதைச் சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்ற முன்யோசனை, கடைசியில் கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. இந்த வரிசையில் ஒப்படைக்க இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து 9 மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். 2014இல் முடிவு வெளியானது: மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம். ஒப்படைப்புக்கு ஆகும் நேரம் குறிப்பிடும்படி கூடவும் இல்லை. என்னைக் கேட்டால் ஐந்தில் கடைசிப் படிதான் உயிர். கேட்டவர் திருப்பிச் சொல்லும்போதுதான் எது போய்ச் சேரவில்லை என்று சொன்னவருக்கே தெரியவரும். அதைத்தான் எல்லோரும் முதலில் விட்டுவிடுகிறார்கள், கூச்சம்!

நர்ஸ்கள் ஒப்படைப்பதை நர்ஸிங் மேஜையிலிருந்து கட்டிலருகே மாற்றினால் இன்னொரு லாபமும் உண்டு. “இந்த மாத்திரை காலையில ஒண்ணு...” என்று ஒருவர் ஆரம்பிக்க, “அதை நேத்தே நிறுத்தச் சொல்லிட்டாரே சிஸ்டர்” என்று நோயாளியே குறுக்கிடுவார். எல்லா ஷிப்டிலும் மாறாமல் இருக்கிற ஒரே ஆள் அவர்தானே. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கூடாத விஷயங்களை மட்டும் மேஜையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

‘செக்லிஸ்ட் போட்டுட்டோம்’ என்று சொல்பவர்களுக்காக ஒரு பத்தி. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் பரிசோதித்த ஆய்வு 2009இல் வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகக் குறைந்தது என்றார்கள். உலகம் முழுக்க அதை எடுத்துக்கொண்டது. 2014இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளின் தரவைப் பார்த்தபோது, பட்டியல் நடைமுறைக்கு வந்த பின்பும் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. காகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏன் இந்த வித்தியாசம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் கணிப்பைச் சொல்கிறேன். தியேட்டரில் எல்லோரும் கையிலிருப்பதை நிறுத்திவிட்டு, பெயர் சொல்லி, இவருக்கு எந்தப் பக்கம், ரத்தம் தயாரா என்று வாய்விட்டுக் கேட்பது ஒரு வேலை. அறுவை சிகிச்சை முடிந்தபின் ஓரமாக உட்கார்ந்து எல்லாக் கட்டங்களிலும் டிக் அடிப்பது வேறு வேலை. இரண்டாவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாறாக, அமெரிக்க டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் பெரிய ரத்தக்குழாயில் போடும் ‘சென்ட்ரல் லைன்’ என்ற குழாயால் வரும் தொற்றைக் குறைக்க எடுத்த வழியைப் பாருங்கள். ஐந்தே படிகள்: கை கழுவு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, உடல் முழுக்க மூடும் துணி போடு, முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர், தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடு. பட்டியலோடு அவர்கள் நிற்கவில்லை. துணியும் மருந்தும் கையுறையும் வேறு வேறு அலமாரிகளில் கிடந்தால் யாராவது ஒன்றை விட்டுவிடத்தான் செய்வார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். ஒரு படியை விட்டால் நர்ஸ் டாக்டரை நிறுத்தலாம், நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். மிச்சிகன் மாநில ஐ.சி.யு.க்களில் 1,000 லைன் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) 2.7ஆக இருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. அந்த வண்டியும், ‘நிறுத்துங்க டாக்டர்’ என்று சொல்லும் உரிமையும்தான் பெரிய விஷயம் என்பேன். ஜூனியராக இருந்த காலத்தில் எனக்கு அந்த உரிமை கிடையாது.

கணினி பற்றிச் சுருக்கமாக: வேண்டும், ஆனால் அதுவே தீர்வு அல்ல. நேற்றைய குறிப்பை அப்படியே ஒட்டி இன்றைய தேதி போடும் வசதி வந்தபின், உடலிலிருந்து நீர் வடிய வைத்து, திங்கட்கிழமை எடுத்துவிட்ட குழாய் வியாழக்கிழமைக் குறிப்பிலும் ‘நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்’.

நாள்பட்ட நோயாளிகளுக்கு மூட்டுகள் இன்னும் அதிகம். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று மூன்று டாக்டர்கள். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயர்களில் வீட்டில் இருக்கும், இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். மொத்த மருந்துப் பட்டியலுக்கும் பொறுப்பான ஒரு பொது மருத்துவர் இல்லாதவரை இது மாறாது. டிஸ்சார்ஜ் நேரமும் அப்படித்தான். மருந்தை விளக்கிவிட்டு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போனதும் எதை எப்போ சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேளுங்கள், தெரிந்துவிடும். பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு நர்ஸ் இப்படி உட்கார்ந்து விளக்கி, சில நாளில் ஒரு மருந்தாளுநர் போன் செய்து விசாரித்தார். அடுத்த 30 நாளில் அந்த நோயாளிகள் அவசரப் பிரிவுக்கோ அட்மிஷனுக்கோ திரும்பி வருவது சுமார் 30 சதவீதம் குறைந்தது.

சரி, எங்கே தொடங்குவது? குழு, கமிட்டி, மென்பொருள் எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு நோயாளியோடு வாசலிலிருந்து வாசல் வரை போங்கள். ஒவ்வொரு இடத்திலும் நேரத்தைக் குறியுங்கள், அவரை யாராவது உண்மையில் கவனித்த நிமிடங்களைத் தனியாகக் கூட்டுங்கள். நிர்வாகியையும் கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அதிலிருந்து கைமாறும் ஒரே ஓர் இடத்தை எடுத்து, ஒரே வார்டில், ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். மாற்றுவதை அங்கே வேலை செய்பவர்களே முடிவு செய்யட்டும். மேலிருந்து சுற்றறிக்கையாக வந்தால் டிக் அடிக்கும் கதைதான்.

அளவிடும்போது மட்டும் கவனம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்கோ வார்டுக்கோ அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. கூடவே, நான்கு மணி முடியப் போகிற கடைசிச் சில நிமிடங்களில் திடீரென்று ஏராளமானோர் வார்டுக்கு நகர்த்தப்படுவதும் வரைபடத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதனால் ஒரு எண்ணைத் துரத்தும்போது, அதைக் குறுக்கு வழியில் எட்டினால் காட்டிக்கொடுக்கும் இன்னொரு எண்ணையும் அதே பலகையில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் நேரத்துக்குப் பக்கத்தில், ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை. ஓ.பி. காத்திருப்புக்குப் பக்கத்தில், பார்க்காமலே எழுந்து போனவர்களின் எண்ணிக்கை.