மூளை அழற்சி ஏன் வருகிறது, எப்படிக் கண்டறிகிறார்கள்?

மூளைக்காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு நோய்களைக் குழப்பிக்கொள்கிறோம். மூளையின் உறையில் வரும் அழற்சி வேறு. மூளைத் திசுவிலேயே வருவதுதான் நீங்கள் கேட்கும் மூளை அழற்சி. பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், குறிப்பாக ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் உண்டு. சிலருக்கு உடலின் எதிர்ப்பொருள்களே மூளையைத் தாக்கும். 2007-இல் விவரிக்கப்பட்ட என்எம்டிஏ ஏற்பி வகை அப்படிப்பட்டது; நரம்பு செல்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தை எதிர்ப்பொருள்கள் தாக்குவதால் வருவது. தொடக்கத்தில் மனநோய் போலவே தோன்றி, மருத்துவர்களையும் ஏமாற்றிவிடும்.

காய்ச்சல், தலைவலியோடு குழப்பம், நடத்தை மாற்றம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே எம்ஆர்ஐ ஸ்கேனும், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியும் எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து, அதில் வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையும் செய்வார்கள். முதுகில் ஊசி என்றால் கேட்கத்தான் பயமாக இருக்கும், அது வழக்கமான சோதனைதான். ஹெர்பிஸ் என்ற சந்தேகம் வந்தாலே, முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.