அந்தக் குறட்டையை மட்டும் சாதாரணமா எடுத்துக்காதீங்க

வியாசர்பாடியில இருந்து தம்பியைப் பத்தி எழுதின அக்காவுக்கு,

கண்ணு சிவந்திருக்கறது, நடுராத்திரி எழுந்து சோத்துப் பானையைத் தேடறது, முடி கொட்டறது, இதையெல்லாம் விடுங்க மா. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரியில கிளீனரா ராத்திரி பகல் ஓடற 19 வயசுப் பையனுக்கு புழுதியிலயும் தூக்கம் கெட்டும் கண்ணு சிவக்கத்தான் செய்யும். வாட்ஸப்ல வந்த அந்த "போதை அறிகுறிகள்" லிஸ்ட்டை டெலிட் பண்ணுங்க, அதை வெச்சுப் பாத்தா பரிட்சைக்குப் படிக்கற பிள்ளை கூட மாட்டும்.

ஆனா லெட்டர் நடுவுல ஒரு விஷயத்தை ரெண்டு வரியில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க. ஒரு மாசம் பொன்னேரியில மாமா வீட்ல வெச்சிருந்து கூட்டிட்டு வந்தோம், வந்த வாரமே சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட போயிட்டு வந்தான், படுத்தவன் கரகரன்னு ஒரு மாதிரி குறட்டை விட்டான், எழுப்பினா எழுந்திருக்கல, தெளியட்டும்னு விட்டுட்டோம், மறுநாள் சட்டைப் பையில டாபென்டடால் அட்டை இருந்துச்சுன்னு. நீங்க கேட்டிருக்கற மத்த எல்லாத்துக்கும் அடியில இருக்கற பயம் இதுதானே, தூக்கத்துலயே போயிடுவானோன்னு. அந்த பயம் சரியான பயம்தான். அதுக்கு மட்டும் விளக்கமா பதில் சொல்றேன்.

டாபென்டடால் கடுமையான வலிக்கு, ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு டாக்டர் சீட்டுல மட்டும் குடுக்கவேண்டிய மாத்திரை. ஓபியம், மார்ஃபின், ஹெராயின் மூளையில எந்த இடத்துல போய் வேலை செய்யுதோ இதுவும் அங்கதான் போகுது. அந்த இடத்துக்கு வலியைக் குறைக்கறதும் சுகம் குடுக்கறதும் மட்டும் வேலையில்ல, மூச்சு விடச் சொல்லி உத்தரவு போடறதையும் அது அடக்கும். நாம தூங்கும்போது மூச்சு தானா ஓடறது மூளை சொல்றதாலதான், டோஸ் ஏறிட்டா மூளை சொல்ல மறந்துடும், அவ்வளவுதான், நெஞ்சு வலி வராது, சத்தம் போட மாட்டான், பக்கத்துல படுத்திருக்கறவனுக்குக் கூட தெரியாது. கூட சரக்கோ, நைட்ரசெபாம் மாதிரி தூக்க மாத்திரையோ சேந்தா ஆபத்து பல மடங்கு. இந்த மாத்திரைக்கு வலிப்பு வரவைக்கற குணமும் உண்டு.

இப்ப அந்த ஒரு மாசத்துக்கு வர்றேன். தொடர்ந்து எடுக்கற உடம்பு அந்த மருந்துக்குப் பழகிப்போயிருக்கும். நிறுத்தின கொஞ்ச நாள்லயே அந்தப் பழக்கம் இறங்கிடும். ஊர்லேர்ந்து வந்தவன், ஜெயில்லேர்ந்து வந்தவன், மறுவாழ்வு மையத்துலேர்ந்து வந்தவன், இவங்க எல்லாம் பழைய அளவையே திரும்ப எடுக்கும்போதுதான் மூச்சு நிக்குது. நிறுத்தியாச்சு, இனிமே பயமில்லன்னு வீட்ல எல்லாரும் நிம்மதியா படுக்கற அந்த வாரம்தான் ரொம்ப ஆபத்தான வாரம். உங்க தம்பி இப்ப அதுலதான் இருக்கான்.

அதனால அந்தக் குறட்டை திரும்பக் கேட்டா, விக்கல் மாதிரி, தண்ணி கொப்புளிக்கற மாதிரி, நடுநடுவுல நின்னு நின்னு வந்துச்சுன்னா, லைட்டைப் போடுங்க. பேரைச் சொல்லி சத்தமா கூப்பிடுங்க, நெஞ்செலும்பு மேல மடக்கின கைவிரல் முட்டியால நல்லா அழுத்தித் தேயுங்க. முழிக்கலைன்னா 108க்கு போன் பண்ணிட்டு ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க, சாதாரணமா 12லேர்ந்து 20 இருக்கும், 10க்குக் கீழ போனாலோ, உதடும் நகமும் நீலமா சாம்பலா மாறியிருந்தாலோ, இமையைத் தூக்கிப் பாத்தா கண்ணுமணி குண்டூசித் தலை அளவுக்கு சுருங்கியிருந்தாலோ உயிருக்கே ஆபத்து, அதையும் போன்ல சொல்லுங்க. போன் பண்ண இந்த எல்லாமே சேந்து வரணும்னு காத்திருக்காதீங்க, எழுப்ப முடியலன்னாலே போதும். மூச்சு ஓடுச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குள்ள போகாது. மூச்சே இல்லன்னா தலையை லேசா பின்னால சாய்ச்சு மூக்கைப் பிடிச்சு வாயோட வாய் வெச்சு ஊதிக்கிட்டே இருங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். மோரு, எலுமிச்சம்பழம், உப்புத் தண்ணி எதையும் வாயில ஊத்தாதீங்க, மயக்கத்துல இருக்கறவனுக்கு அது நேரா நுரையீரலுக்குத்தான் போகும். தலையில தண்ணி ஊத்தறதால ஒண்ணும் தெளியாது.

உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். போகும்போது அந்த மாத்திரை அட்டையை கையில எடுத்துட்டுப் போங்க, எமர்ஜென்சியில இருக்கற டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கல"ன்னு மறைச்சீங்கன்னா மாத்து மருந்து போடவேண்டிய நிமிஷமெல்லாம் வீணாப் போகும். நலோக்சோன்னு ஒரு ஊசி இருக்கு, போட்டா பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல முழிச்சுப்பான். முழிச்சவன் "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்"பான், கூட்டிட்டு வந்துடாதீங்க, அந்த ஊசியோட வேலை முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரத்துல இறங்கிடும், மாத்திரை உள்ள இன்னும் இருக்கும், திரும்ப மூச்சு அடங்கும்.

கஞ்சாவைப் பத்தி கேட்டிருக்கீங்க. கஞ்சா அடிச்சா மூளை அழுகிடும்னு வீடியோ போடறவங்க மேல எனக்கு ரொம்பக் கோவம் வருது. கஞ்சாவுக்கு மூச்சை நிறுத்தற குணம் கிடையாது. அதுக்குன்னு இருக்கற ஆபத்து வேற, சின்ன வயசுல ஆரம்பிச்சவனுக்கும், குடும்பத்துல மனநோய் இருக்கறவனுக்கும் காதுல குரல் கேக்கறது, யாரோ பின்னாடியே வர்றாங்கன்னு சந்தேகப்படறதுன்னு மனசு பிசகறதுக்கு வாய்ப்பு அதிகம், அப்படி ஏதாச்சும் சொல்ல ஆரம்பிச்சா உடனே காட்டணும். இதை இருக்கறபடியே சொல்லாம எல்லாம் ஒரே விஷம், தொட்டா செத்தேன்னு சொல்லி வெச்சதோட பலன் என்னன்னா, பையன் கஞ்சா அடிச்சுப் பாக்கறான், சாகல, சரி பெரியவங்க சொன்னது எல்லாமே பொய்னு முடிவு பண்றான், அடுத்து மெடிக்கல்ல விக்கற, கம்பெனி பேரு போட்ட மாத்திரைன்னா இன்னும் சேஃப்னு நெனைக்கறான். நிஜமா கொல்றது அதுதான்னு அவனுக்கு யாருமே சொல்லல. நீங்க சொல்லுங்க, அவன் தெளிவா இருக்கற நேரத்துல, திட்டாம.

முழங்கை மடிப்புல புள்ளி புள்ளியா இருக்கு, கொசு கடிச்சதுங்கறான்னு எழுதியிருக்கீங்க. அது மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்ட தடமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. மாத்திரையில மாவு, டால்க் எல்லாம் கலந்திருக்கும், வாய்வழியா போறதுக்காக செஞ்சது, ரத்தத்துல போனா ரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரல்ல போய் தங்கும். ஊசி பகிர்ந்தா ஹெச்.ஐ.வி., கல்லீரலைக் கெடுக்கற ஹெபடைடிஸ் பி, சி வரலாம். டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரியில இலவசம், ஹெபடைடிஸ் சி இப்ப மாத்திரையிலயே குணமாகுது, அதுவும் இலவசம்தான். ஊசி போடறவனுக்கு குளிரோட காய்ச்சல் வந்தா மெடிக்கல்ல பாராசிட்டமால் வாங்கிக் குடுத்து பாக்காதீங்க, இதய வால்வுல கிருமி உக்காந்திருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி.

சோத்துல கலந்து குடுக்கற பொடி ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாமான்னு கேட்டீங்களே, தயவு செஞ்சு வேண்டாம். அதுல என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது, சிலதுல டைசல்ஃபிராம் இருக்கும், அது குடிக்கு மட்டும் குடுக்கற மருந்து, அவனுக்கே தெரியாம குடுத்து, அவன் அதுக்கு மேல சரக்கைக் குடிச்சா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. மாத்திரைப் பழக்கத்துக்கு அது ஒண்ணும் செய்யாது.

ரூம்ல போட்டுப் பூட்டறதும் வேண்டாம். வலி மாத்திரையை மட்டும் நிறுத்தினா மூக்கு ஒழுகும், கொட்டாவி, உடம்பு வலி, பேதின்னு ஒரு வாரம் படாத பாடு படுவான், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது, ஆனா கூட தூக்க மாத்திரையோ தினசரி குடியோ இருந்தா திடீர்னு நிறுத்தும்போது வலிப்பு வரும், அது உயிரை எடுக்கலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலயும் ஸ்டான்லி மனநலப் பிரிவுலயும் இதுக்கு சிகிச்சை இருக்கு. நாக்குக்கு அடியில வைக்கற புப்ரெனார்ஃபின் மாத்திரையை டாக்டர் கண்காணிப்புல குடுத்தா அந்த தவிப்பு அடங்கும், திரும்ப அதுக்குப் போறது குறையும், ஓவர்டோஸ்ல சாகறதும் குறையும். மாசக்கணக்குல எடுக்கவேண்டி வரும், "ஒரு போதைக்கு இன்னொரு போதையா"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, காதுல போட்டுக்காதீங்க.

போலீஸ் பயம் உங்களுக்கு இருக்கறது புரியுது. 1985 போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, பழக்கத்துக்கு அடிமையானவன் தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சையை முழுசா எடுத்தா, உபயோகிச்ச குற்றத்துக்கும் சின்ன அளவு வெச்சிருந்த குற்றத்துக்கும் வழக்குலேர்ந்து விலக்கு குடுக்குது. எமர்ஜென்சிக்குப் போனா ஆஸ்பத்திரியில போலீஸுக்கு தகவல் எழுதலாம், எழுதட்டும், அதுக்காக ஆம்புலன்ஸ் கூப்பிடறதைத் தள்ளிப் போடாதீங்க.

இந்த வாரம் அவனைத் தனியா படுக்க விடாதீங்க, கதவைத் தாழ் போட விடாதீங்க. 14446 போதைப் பழக்கத்துக்கான அரசு உதவி எண், இலவச நம்பர், இன்னிக்கே பேசுங்க. முதல் தடவை அவன் வரமாட்டேன்னா நீங்களும் அம்மாவும் மட்டுமாவது காலையில ஓபி சீட்டு போட்டு டாக்டரைப் பாருங்க, அந்த அட்டையை மறக்காம எடுத்துட்டுப் போங்க.