மொட்டைமாடியை இருப்பிடமாக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் சிலாப் வீட்டுக்கு வெளிப்படி வைத்து, மேலே கைப்பிடிச்சுவர் கட்டி, பின்னேரத்தில் இருக்க ஒரு இடமாக்கப் போகிறோம். இதற்கும் அனுமதி வேண்டுமா?

ப: வேண்டும். காணி உறுதிப் பிரதி, நில அளவை வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு, முன்பு அங்கீகரித்த வீட்டு வரைபடம், புதிய வரைபடம் ஆகியவற்றுடன் உங்கள் உள்ளூராட்சி சபையில் விண்ணப்பியுங்கள். ஆனால் வரைபடம் கீறக் கொடுக்குமுன் கடல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். உயர்நீர்க் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்கவேண்டும். அங்கே மறுத்தால் வரைபடக் காசு வீண்.

பெரும்பாலும் இழுபடுவது வெளிப்படிதான். மதிலுக்கும் வீட்டுக்கும் இடையே விடவேண்டிய வெற்றிடத்தைப் படி தின்றுவிடும். உள்ளே இடமிருந்தால் படியை உள்ளாலேயே எடுங்கள். வேலை முடிந்தபின், அங்கீகரித்த வரைபடப்படியே கட்டியதாகச் சபை தரும் இணக்கச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். வங்கிக் கடன் எடுக்கப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கே: எங்களது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி. உறுதி இல்லை.

ப: முதலில் பிரதேச செயலகம், பிறகு சபை.

கே: பழைய சிலாப் தாங்குமா? 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியும் பூக்கன்றுப் பாத்தியும் வைக்க விருப்பம்.

ப: ஆள் நடமாடும் வீட்டுக் கூரைக்குச் சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோ பாரம் எடுத்துக் கணக்கிடுவார்கள். ஏறாத கூரைக்கு அதில் பாதிதான். உங்கள் சிலாப் எந்தக் கணக்கில் வார்த்தது என்பதுதான் கேள்வி. ஓரடி ஆழ ஈரமண் மட்டும் சதுர மீற்றருக்கு 500 கிலோவைத் தாண்டும். நிரம்பிய தாங்கியோ ஒரு தொன் பாரத்தை ஒரே இடத்தில் இறக்கும். அதைச் சிலாப்பின் நடுவில் வையாமல் பீம் அல்லது சுவருக்கு நேர்மேலே வையுங்கள். பாத்தி வேண்டாம், சாடி போதும்.

சிலாப்பின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தமோ கம்பி ஓடும் வழியே பழுப்புக் கோடோ இருந்தால் உப்புக்காற்று கம்பி வரை போய்விட்டது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டை உதிர்க்கும். மேலே மாபிள் பதித்து இதை மறைக்க முடியாது. பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

கே: மாபிள் பதித்தால் ஒழுக்கு நிற்குமா?

ப: நிற்காது. இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும். முதலில் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு. பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு. அதைக் கைப்பிடிச்சுவரில் ஆறு அங்குலம் மேலேற்றுங்கள், சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் ஒழுக்கு தொடங்கும். சின்னத் தளமென்றாலும் மழைத்தண்ணீர் வெளியேற நீர்வாய் இரண்டு வேண்டும், ஒன்றைச் சருகு அடைக்கும். வாய்களை மூடி இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணிநேரம் விட்டுக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்தபின்தான் மாபிள். இதெல்லாம் மாரிக்கு முன் முடியவேண்டும்.

கே: நிழலுக்குத் தகரக் கூரை?

ப: புரெவிப் புயல் 2020 டிசம்பரில் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே. காற்று தகரத்தைத் தள்ளுவதைவிட மேலே இழுப்பதே அதிகம். கைப்பிடிச்சுவர்க் கல்லில் போல்ட் அடித்த கூரைக் கால், கல்லையும் பெயர்த்துக்கொண்டு போகும். கழற்றி வைக்கக்கூடிய துணிப்பந்தலே நல்லது. தள ஓரத்துக்குக் கைப்பிடிக் கம்பி வைப்பதென்றால் 1.1 மீற்றர் உயரம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் 316 தரம் கேளுங்கள், 304 தரம் கடற்காற்றில் கறை பிடிக்கும்.

கே: எங்களது ஓட்டு வீடு, தூண் இல்லை. ஒரு பக்க ஓட்டைக் கழற்றிச் சிலாப் போடலாமா?

ப: அந்தச் சுவரை நம்பிப் போடாதீர்கள். வாகனம் விடும் போர்ட்டிக்கோவைத் தனித் தூண், தனி அத்திவாரத்தில் எழுப்பி, அதன்மேல் தளம் வையுங்கள். பழைய சுவரோடு ஒட்டாமல் ஓரங்குலம் விலக்கி, அந்த இடைவெளியைத் தகட்டால் மூடுங்கள்.