பேஸ் கிட்டார்காரர் போனால் பேண்ட் முடிந்ததா?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நாலு பேர் ஆறு வருடமாகப் பேண்ட் நடத்துகிறோம். சொந்தப் பாட்டுகள் இருக்கின்றன, கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போது பேஸ் கிட்டார் வாசிப்பவன் மேற்படிப்புக்குக் கிளம்புகிறான். எனக்கும் 26 ஆகிவிட்டது. கலைத்துவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: தம்பி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1978-ல் ஜார்விஸ் காக்கர் 'பல்ப்' பேண்டை ஆரம்பித்தபோது பள்ளிக்கூடப் பையன். 1981-லேயே பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்கு வாசித்துவிட்டார்கள். புதுப் பேண்டுகள் ஏங்கிய வாய்ப்பு அது. ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. கூட இருந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள், உங்கள் நண்பரைப் போலவே.

1985-ல் ஒரு பெண்ணை அசத்த ஸ்பைடர்மேன் மாதிரி ஜன்னலுக்கு வெளியே தொங்கி, விழுந்து அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மேடையில் பாடினார் காக்கர். (இதைப் பின்பற்ற வேண்டாம்.)

1988-ல் அவரே லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் சினிமா படிக்கப் போனார். 1989-ல் பதிவான பல்ப் ஆல்பம் 1992-ல்தான் வெளிவந்தது. ஆனால் அந்தக் கல்லூரியில்தான், சாதாரண ஜனங்களோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பெண்ணைச் சந்தித்தார். பிற்பாடு பழைய ரெக்கார்டுகளைக் கடையில் விற்று, செகண்ட்ஹேண்ட் கேசியோ கீபோர்டு ஒன்று வாங்கினார். அதில் தட்டிப் பார்த்த மெட்டும் அந்தப் பெண்ணின் பேச்சும் சேர்ந்ததுதான் 'காமன் பீப்பிள்' (சாதாரண ஜனங்கள்) பாட்டு. 1995-ல் பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடம். அதே வருடம் ஜூனில், ஸ்டோன் ரோசஸ் என்ற பேண்டின் கிட்டார் கலைஞர் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள, கிளாஸ்டன்பரி இசை விழா மேடையில் அவர்களுக்குப் பதிலாக ஏறியது பல்ப்.

சரி, 17 வருடம் பொறுங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. அப்படிப் பொறுத்துக் காணாமல் போனவர்கள்தான் அதிகம். ஆரம்பித்தவர்களில் 1995-ல் மிஞ்சியது காக்கர் மட்டுமே. ஆட்கள் மாறினார்கள், அவர் படிக்கப் போனார், பாட்டு எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

நீங்கள் கடைசியாகப் புதுப் பாட்டு எழுதியது எப்போது? கடிதத்தில் அதைக் காணோம். பழைய பாட்டுகளையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறீர்கள் என்றால் கலைத்துவிடுங்கள், தப்பே இல்லை. எழுதுகிறீர்கள் என்றால் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, கச்சேரியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கலைத்துவிட்டோம் என்று அறிவிக்க அவசியமில்லை. பல்பும் நடுவில் பல வருடம் ஒதுங்கியிருந்தது. முந்தைய ஆல்பத்துக்கு 24 வருடம் கழித்து 2025-ல் போட்ட 'மோர்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

அப்புறம், நண்பரோடு சண்டை வேண்டாம். அவர் கிளம்புவதற்குள் எல்லாப் பாட்டுக்கும் பேஸ் பகுதியைப் பதிவு செய்து வாங்கிவையுங்கள். புது ஆள் வரும்வரை அதை ஓடவிட்டு வாசிக்கலாம்.