அறுநூறு ரூபாய் பைட்டர்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போயிருந்தேன். கப்பி ஜோடி 30 ரூபாய். பக்கத்துக் கடையில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத டிஸ்கஸ் ஒன்று 1,200 என்றார்கள். பைட்டர் 60-க்கும் இருக்கிறது, 600-க்கும் இருக்கிறது. எல்லாமே தண்ணீரில் நீந்துகிற மீன்தானே? இந்த விலையை யார் வைக்கிறார்கள்? ஏமாற்று வேலை என்றே தோன்றுகிறது. வீட்டு வாசலில் வைத்து விற்ற ஒரு அம்மாவிடம் 600 ரூபாய் பைட்டரைப் பேசிப் பேசி 350-க்கு வாங்கி வந்தேன். விலை கூடிய மீன் அதிக நாள் வாழுமா? அரவானா வைத்தால் வீட்டுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

சுந்தர், அயனாவரம்

அன்புள்ள சுந்தர்,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அரவானா வைத்தால் அதை விற்றவர் வீட்டுக்கு நல்லது. லட்சங்களில் பேசப்படுகிற ஆசிய அரவானா அழிந்துவரும் இனம். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் இருப்பதால், பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, உடம்பில் சிப் பொருத்தி, சான்றிதழோடுதான் அது நாடு கடக்க முடியும். போடுவதும் சில டஜன் முட்டைகள்தான். அவற்றை ஆண் மீன் வாரக்கணக்கில் வாயில் அடைகாக்கும். நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது தென் அமெரிக்க வெள்ளி அரவானா. அது வேறு மீன், மூன்றடி வளரும். உங்கள் வீட்டில் மூன்றடி மீன் திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாஸ்துவை அப்புறம் பார்க்கலாம்.

டிஸ்கஸ் குஞ்சு முதல் சில வாரங்கள் தாய் தகப்பன் உடம்பில் சுரக்கிற வழவழப்பைத் தின்றுதான் வளரும். பிரித்து வைத்தால் பிழைப்பது கஷ்டம். முட்டை பொரிய உப்பில்லாத மென்மையான தண்ணீர் வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது, வடிகட்டியாக வேண்டும். கப்பிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதே போர் தண்ணீரில் மாதத்துக்கு ஒருமுறை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் 30 ரூபாய். அழகுக்கும் விலைக்கும் சம்பந்தம் இருந்தால் நீலக்கோடு மின்னுகிற சின்ன மீன் நியான் டெட்ராவை நாம் தொட முடியாது. 1930-களில் அமேசானிலிருந்து புதிதாக வந்தபோது அது பணக்கார மீன்தான். பண்ணைகளில் லட்சக்கணக்கில் வளர்க்கத் தொடங்கியதும் விலை இறங்கிவிட்டது, நீலக்கோடு அப்படியேதான் இருக்கிறது. விமானத்தில் வருகிற மீனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சரக்குக் கட்டணம் எடைக்கு, எடையில் பெரும்பங்கு தண்ணீருக்கு. ஒரே கவரில் நூற்றுக்கணக்கான நியான் வந்துவிடும், பெரிய மீன் என்றால் ஒரு கவருக்கு ஒன்றுதான்.

இதெல்லாம் தேடினால் உங்களுக்கே கிடைத்திருக்கும். நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘பேசிப் பேசி 350-க்கு’ என்ற உங்கள் வரியால். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, சுந்தர்.

என் சித்தி கொளத்தூரில் பைட்டர் வளர்த்தவர். மொட்டைமாடியில் தகர நிழலுக்குக் கீழே காலி குவார்ட்டர் பாட்டில்கள் வரிசை வரிசையாக நிற்கும். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு துண்டு அட்டை. இரண்டு ஆண் பைட்டர்கள் ஒன்றை ஒன்று பார்த்துவிட்டால் நாளெல்லாம் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதும், வால் நைந்துபோகும். வால் போனால் விலை போச்சு.

ஆண் மீன் நுரைக்கூடு கட்டும், முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டும். அந்த வேலை முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துரத்தித் துரத்திக் கடித்தே கொன்றுவிடும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் தகப்பனையும் எடுத்துவிட வேண்டும். ஒரு ஈட்டில் சில நூறு குஞ்சுகள்கூட வரும். இதுவரைக்கும் செலவு பெரிதாக இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் சண்டையைத் தொடங்கும். அன்றிலிருந்து ஒரு மீனுக்கு ஒரு பாட்டில். ஒவ்வொன்றிலும் அழுக்குத் தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று புழு போட வேண்டும். வரிசையின் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் முதல் பாட்டில் மறுபடி கலங்கியிருக்கும். சித்தியின் விரல் நுனிகள் எப்போது பார்த்தாலும் ஊறி வெளுத்துத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போதுகூட மற்ற பெண்கள் அதைக் கிண்டல் செய்வார்கள்.

சாயங்கால வெயிலில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை ஒவ்வொரு பாட்டில் முன்னாலும் பிடிப்பார். மீன் தன்னையே எதிரி என்று நினைத்து வாலை விரிக்கும். முழு அரைவட்டமாக, ஓரம் எங்கும் கிழியாமல் விரிந்தால் அது ஹாஃப்மூன், அதற்குத் தனி வரிசை. ஒரு பக்கம் கொஞ்சம் மடங்கினால், ஒரு நரம்பு கோணலாக இருந்தால், அடுத்த வரிசை. பெண் மீன்கள் எண்ணிக்கைக் கணக்கில் மொத்தமாகப் போகும். எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஒரே நாளில் பொரிந்தவைதான். நூறு பாட்டிலில் தனி வரிசைக்குப் போவது நாலோ ஐந்தோ. மீதி பாட்டில்களும் அதே புழுவைத் தின்றவை, அதே கை தண்ணீர் மாற்றியவை. அந்தச் செலவையெல்லாம் இந்த நாலைந்துதான் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். நீங்கள் கேட்ட 60-க்கும் 600-க்கும் நடுவே இருப்பது இதுதான். விலையை வைத்தது அந்த அம்மாவோ கடைக்காரரோ இல்லை, பாட்டில்கள்.

கண்ணாடித் தொட்டிக்குப் பேரம் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. பில்டருக்கும் எழுதவில்லை. அச்சடித்த விலையைப் பார்த்தால் நமக்கு வாய் திறப்பதில்லை. புடவை நனைந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தால்தான் சாமர்த்தியம் பொங்குகிறது. அதையும் மகளை அருகில் நிற்கவைத்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள். பெண் குழந்தைக்கு மீன் காட்டக் கொளத்தூர் வரை போகிற அப்பா நல்ல அப்பாதான். அந்த நல்ல அப்பாவிடம்தான் சண்டை போடுகிறேன்.

ஏமாற்று இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. உடம்பு ஊடுருவித் தெரிகிற கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி ரோஸ், பச்சை என்று விற்றிருக்கிறார்கள். சில மாதத்தில் சாயம் போய்விடும், பல மீன்கள் அதற்கு முன்பே போய்விடும். அப்படிக் கண்ணைப் பறிக்கிற நிறம் கண்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

விலைக்கும் ஆயுசுக்கும் தொடர்பில்லை. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் தங்கமீன் பெரிய தொட்டியில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். கிண்ணத்தில் போட்டால் தன் கழிவிலேயே சில வாரங்களில் சாகும், நாமும் ‘மீன்னா அப்படித்தான்’ என்று இன்னொன்று வாங்குவோம். உங்கள் பைட்டர் வளர்ந்த மீன், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷம் இருக்கும். மேலே வந்து காற்றை விழுங்குகிற மீன் அது. தண்ணீரை விளிம்புவரை நிரப்பாதீர்கள், மூடியும் போடுங்கள், குதிக்கும். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுவீர்கள். அப்படி விட்டவை நம் நீர்நிலைகளில் போதுமான அளவு பெருகிவிட்டன.

மீதி 250 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்ல மாட்டேன். சித்தியாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டார், ஏச்சுதான் கிடைத்திருக்கும். அடுத்த முறை அந்த அம்மாவிடமே கப்பி இரண்டு ஜோடி வாங்குங்கள். சொன்ன விலைக்கு. வேறு தொட்டியில் விடுங்கள், பைட்டரோடு விட்டால் அவற்றின் வாலைக் கடித்துவிடும்.