லைப்ரரி எழுதும்போது கான்ஃபிக் ஃபைல்களை ஜாருக்குள்ளேயே வைத்து அனுப்பலாமா?

நீங்கள் ஜாவாவில் எழுதுகிறீர்கள், உங்கள் கம்பெனியிலேயே வேறு டீம்கள் அதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். லாகிங் செட்டிங் (புரோகிராம் ஓடும்போது எதைப் பதிவு செய்வது என்பது), டீஃபால்ட் மதிப்புகள் எல்லாவற்றையும் ஜாரோடு, அதாவது ஜாவா கோடைக் கட்டி அனுப்பும் ஒற்றை ஃபைலோடு, சேர்த்து அனுப்பிவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம் என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மற்றது எப்படியோ, லாகிங் ஃபைலை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

2019-இல், வாடிக்கையாளர்கள் பதிவேற்றும் ஆவணங்களைச் சரிபார்க்க ஒரு சின்ன லைப்ரரி எழுதினேன். ஆறு டீம்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக, லாக்பேக் என்ற லாகிங் லைப்ரரியின் கான்ஃபிக் ஃபைலான லாக்பேக்.எக்ஸ்எம்எல் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். ரூட் லெவல் டீபக், அதாவது சின்ன விவரம்கூட விடாமல் பதிவாகும். சாதாரண ஃபைல் அப்பெண்டர், ரோலிங் கிடையாது: எல்லாம் ஒரே ஃபைலில் வளர்ந்துகொண்டே போகும். சோதனைக்கு மட்டுமான டெஸ்ட் ரிசோர்சஸ் ஃபோல்டரில் போட்டிருந்தால் அது ஜாருக்குள் போயிருக்காது. நான் போட்டது மெயின் ரிசோர்சஸில்.

ஐந்து டீம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களிடம் சொந்தமாக ஒரு லாக்பேக்.எக்ஸ்எம்எல் இருந்தது. ஸ்பிரிங் பூட் (ஜாவா அப்ளிகேஷன்களுக்கான ஃபிரேம்வொர்க்) கட்டும் ஜாரில் அப்ளிகேஷனின் சொந்த ஃபைல்கள் லைப்ரரிகளுக்கு முன்னால் நிற்கும், அதனால் அவர்களுடையதே எடுபட்டது. ஆறாவது டீம் வைத்திருந்தது லாக்பேக்-ஸ்பிரிங்.எக்ஸ்எம்எல். அவர்கள் மேல் தப்பே இல்லை, ஸ்பிரிங் பூட் ஆவணமே அந்தப் பெயரைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் ஸ்பிரிங் பூட் முதலில் தேடுவது வெறும் லாக்பேக்.எக்ஸ்எம்எல்-ஐ. கிளாஸ்பாத்தில் (ஜாவா ஃபைல்களைத் தேடும் இடங்களில்) அது எங்கேயும் இல்லை என்றால்தான் ஸ்பிரிங் என்று பெயர் வைத்ததற்குப் போகும். அன்றைக்கு அது இருந்தது, என் ஜாருக்குள்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஆப்பரேஷன்ஸ் டீமின் பெரியவர் போன் செய்தார். "தம்பி, உங்க ஜார்ல என்னப்பா வச்சிருக்கீங்க?" ஆவணம் பதிவேற்றுகிற எல்லாருக்கும் எரர். டிஸ்க்கில் இடமே இல்லை. லாக் ஃபைல் 38 ஜிபி. லேப்டாப்பைத் திறந்து, ஜாருக்குள் இருப்பதைப் பட்டியலிடும் ஜார் டிஎஃப் கமாண்ட் போட்டேன். கிளாஸ் பெயர்கள் வரிசையாக ஓடி, கடைசி வரியில் லாக்பேக்.எக்ஸ்எம்எல் என்று நின்றது. அந்த வரியை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

டிஸ்க்கைக் காலி செய்ய அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அந்த டீபக் வரிகளில் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் அப்படியே இருந்தன. அது பேக்கப்பிலும் போயிருந்தது. தேடித் தேடி அழிக்க இரண்டு நாள் ஆனது.

அந்த வருட அப்ரைசலில் இது ஒன்றுதான் பேசப்பட்டது. அதற்கு முன் இரண்டு வருடம் நான் எழுதிக் கொடுத்தவற்றை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் டெமோவில் காட்ட ஒரு ஸ்கிரீன் கிடையாது. டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியபோது போன அலர்ட் மெயில், எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் பெயருக்குப் போயிருக்கிறது. அதை அந்த மீட்டிங்கில் ஒருவரும் வாயே திறந்து கேட்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லைப்ரரி, எந்த லாகிங் கருவியோடும் சேரக்கூடிய பொது இடைமுகமான எஸ்எல்எஃப்4ஜே ஏபிஐ-ஐ மட்டும் நம்பியிருக்கட்டும். லாக்பேக்கா, லாக்4ஜேவா, எந்த லெவல், எந்த ஃபைல் என்பதெல்லாம் அப்ளிகேஷன் எழுதுகிறவரின் உரிமை. பைத்தானிலும் இதே வழக்கம்தான்: லைப்ரரி ஒரு நல்ஹேண்ட்லரை (எதையும் எங்கேயும் எழுதாத ஹேண்ட்லர்) மட்டும் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

டீஃபால்ட் மதிப்புகளை, ஸ்பிரிங் பூட் தானாகப் படிக்கும் அப்ளிகேஷன்.ப்ராப்பர்ட்டீஸ் என்ற பெயரில் வைக்காதீர்கள். அப்ளிகேஷனிலும் அதே பெயரில் ஒன்று இருக்கும், உங்களுடையது முழுசாக மறைந்துபோகும். இரண்டும் ஒன்றாகக் கலக்கும் என்று நிறைய பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டைம்அவுட் மாதிரியானவற்றைக் கோடிலேயே டீஃபால்ட்டாக வைத்து, பில்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது மதிப்புகளைத் தரும் கோட்) வழியாக மாற்றிக்கொள்ள விடுங்கள். ஃபைல்தான் வேண்டும் என்றால் டைப்சேஃப் கான்ஃபிக் என்ற கான்ஃபிக் லைப்ரரியின் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். லைப்ரரிகள் ரெஃபரன்ஸ்.கான்ஃப் வைக்கும், அப்ளிகேஷன் தன் ஃபைலில் அதை மாற்றிக்கொள்ளும், எல்லா லைப்ரரிகளின் ரெஃபரன்ஸும் சேர்ந்தே படிக்கப்படும். ஆனால் மேவன் ஷேட் என்ற பில்ட் பிளகின் போட்டு எல்லாவற்றையும் ஒரே ஜாராக்கும்போது, ஒரே பெயருள்ள ஃபைல்களை ஒட்டிச் சேர்க்கும் அப்பெண்டிங் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்க்க மறந்தால் அவற்றில் ஒன்றுதான் மிஞ்சும்.

"ஸ்டார்ட்டர் எழுதுகிறவர்கள் கான்ஃபிக் வைப்பதில்லையா?" என்று யாராவது கேட்பீர்கள். ஸ்பிரிங் பூட்டின் ஸ்டார்ட்டர் வேறு, தேவையான லைப்ரரிகளைச் சேர்த்து அமைத்துக் கொடுப்பதுதான் அதன் வேலையே. நான் சொல்வது சாதாரண லைப்ரரிக்கு.

அந்தச் சம்பவத்துக்கு மறுவாரமே எங்கள் பில்டில் ஒரு சோதனை சேர்த்தேன். ஜாரின் மேல்மட்டத்தில் லாக்பேக், லாக்4ஜே, அப்ளிகேஷன் என்று தொடங்கும் கான்ஃபிக் ஃபைல் எது இருந்தாலும் பில்ட் நின்றுவிடும். போன மாதம் ஒருமுறை நின்றது. புதிதாகச் சேர்ந்த பெண் "ஏன் சார் சிவப்பாகிறது?" என்று கேட்டு வந்தார். ஜார் டிஎஃப் போட்டுக் காட்டினேன். ஃபைலை டெஸ்ட் ரிசோர்சஸுக்கு நகர்த்தி, பெயரை லாக்பேக்-டெஸ்ட்.எக்ஸ்எம்எல் என்று மாற்றி, பத்து நிமிடத்தில் மறுபடி அனுப்பிவிட்டார்.