சென்னையில் நாயோடு எந்த சீசனில் எங்கே போகலாம்?

கேள்வி இது: "ஒன்றரை வயது லேப்ரடார் வளர்க்கிறோம். சென்னையில் அபார்ட்மென்ட் வாசம். வெயில், மழை, பனி என்று சீசனுக்குத் தகுந்தபடி அதை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?"

வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம், அன்றைக்கும் எட்டு மணிக்கு எழுந்து டிபன் முடித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் இடம் தேடுவதற்கு முன்னால் அலாரத்தை மாற்றுங்கள். இந்த ஊரில் நாயோடு வெளியே போக நேரம் பார்த்த பிறகுதான் இடம் பார்க்க வேண்டும். காலை ஐந்தரைக்குத் தெருக்கோடி மைதானம்கூட அதற்குக் கொண்டாட்டம். பத்து மணிக்கு ஈசிஆர் கடற்கரைகூட தண்டனைதான். நாயை அனுமதிக்கும் கஃபேக்களின் பெயர்களை எழுதினால் நிறைய லைக் விழும், தெரியும். ஆனால் ஏசி அறையில் நாற்காலிக் காலில் கட்டிப்போட்டு, பக்கத்து மேஜைக்காரர் செல்ஃபி எடுப்பதில் நாய்க்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு வேண்டியது மோப்பம் பிடிக்க மண்ணும், அவசரப்படுத்தாத ஆளும்தான்.

மார்கழியில் தொடங்கி மாசி முடிய நமக்குக் கிடைப்பதுதான் நல்ல காலம். தூரமாகப் போவது, புது இடம் காட்டுவது எல்லாவற்றையும் இந்த மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர், மாம்பலம் மாதிரி பழைய தெருக்களில் மார்கழி விடியலில் நடப்பதே ஒரு ஊர்வலம். ஒன்றே ஒன்று, கோலத்தின் நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி வைத்திருப்பார்கள். லேப்ரடாருக்கு அது காலை டிபன். கோலத்தை மிதித்துவிட்டு அதையும் விழுங்கினால் வீட்டுக்காரம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால் கோலம் கண்ணில் பட்டதும் கயிற்றைக் குறைத்துப் பிடித்து, தெருவின் எதிர்ப்பக்கமாகப் போய்விடுங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் கடற்கரை பக்கமே போக வேண்டாம். அந்தக் கூட்டத்தில் மனிதனே தொலைந்து போகிறான்.

கடற்கரைக்கு வருகிறேன், லேப்ரடார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். நீலாங்கரைக்குத் தெற்கே அக்கரை, உத்தண்டி, கானாத்தூர் என்று போகப் போகக் கூட்டம் குறையும். விடிந்ததும் போய் ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் நடத்துங்கள், ஓடவிடுங்கள். காய்ந்த பொத மணலில் பந்தை வீசி வீசி ஓடவிட்டால் தோளும் பின்னங்கால் முட்டியும் பிடித்துக்கொள்ளும். உடம்பு போட்ட லேப்ரடாருக்கு முட்டி ஜவ்வே கிழியலாம். முதல் நாள் பத்து நிமிட ஓட்டம் போதும்.

கிளம்பும் முன் வீட்டில் தண்ணீர் குடிக்க வையுங்கள். கையில் ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். தாகத்தில் இருக்கும் நாய் கடல் நீரைக் குடித்துவிடும். கொஞ்சம் குடித்தால் வீடு திரும்பும் வழியில் கார் சீட்டில் பேதி, நிறையக் குடித்தால் உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரை போகும். பந்தை அலைக்குள் வீசவே கூடாது. நம் கரையில் இழுப்பு எங்கே இருக்கிறது என்பது நல்ல நீச்சல்காரனுக்கே தெரியாது. முழங்கால் ஆழத்தைத் தாண்ட விடாதீர்கள்.

மணலில் கண் வைத்துக்கொள்ள வேண்டியது மூன்று. முதலாவது பேத்தை மீன். கரைவலை இழுக்கும் இடங்களில் விலைக்குப் போகாது என்று ஓரமாகக் கழித்துப் போட்டிருப்பார்கள், வயிறு பலூன் மாதிரி உப்பிக் கிடக்கும். அதிலுள்ள விஷம் வெயிலில் காய்ந்தாலும் போகாது. தின்ற நாய்க்கு வாந்தி, அப்புறம் தள்ளாட்டம், அப்புறம் மூச்சுத் தசையே செயலிழந்து போகும். முறிமருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில் மூச்சைக் காப்பாற்றிக்கொடுப்பது மட்டுமே சிகிச்சை. இரண்டாவது தூண்டில் முள். மீன் வாசனையோடு இருப்பதால் உதட்டில் குத்திக்கொள்ளும். வந்த வழியே பிடித்து இழுத்தால் முள்ளின் கொக்கி சதையைக் கிழிக்கும். தூண்டில் கயிற்றை மட்டும் கத்தரித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். மூன்றாவது, பிரியாணிக் கடைக்காரர்களும் பிக்னிக் வந்தவர்களும் விட்டுப்போன கோழி எலும்பு. வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். "விடு" என்ற ஒரு சொல்லை வீட்டிலேயே நன்றாகப் பழக்காத நாயைக் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் விரலிடுக்கு, அக்குள், ஹார்னஸ் படும் இடம் எல்லாம் அலசி, காதைத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். உப்பும் மணலும் பட்டையின் அடியில் தங்கினால் இரண்டே நாளில் அந்த இடம் புண்ணாகிவிடும்.

இதே மாதங்களில் இரவுக் கடற்கரை நாய்க்கு வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இதே கரைக்கு ஏறுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். நாயின் மூக்குக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்கள் ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து வருகிறார்கள். அந்த உழைப்பில் உங்கள் நாய் மண்ணைப் போட வேண்டாம். காலையிலும் செத்து ஒதுங்கிய ஆமைகள் கிடக்கலாம், 2025 தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. லேப்ரடார் அதன் மேல் முதுகைப் போட்டுப் புரளும். அந்த நாற்றம் மூன்று ஷாம்பு குளியலுக்கும் அசராது.

பங்குனி பிறந்துவிட்டால் தூரப் பயணத்தை நிறுத்துங்கள். கத்திரியில் காலை ஐந்து முதல் ஆறரை, அவ்வளவுதான். "சாயங்காலம் காற்று வருகிறதே" என்பார்கள். காற்று வரும், ஆனால் பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தார் ரோடு ஏழு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் நாயும் பாதம் வைக்கக் கூடாது. ஆடி, ஆவணியில் இன்னொரு வம்பு உண்டு. வெப்பமானி குறைவாகக் காட்டும், காற்றில் ஈரம் நிறைய இருக்கும். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிரவைக்க வேண்டும். புழுக்கத்தில் அது பலிக்காது. பக், புல்டாக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் மோசம்.

நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு செங்கல் நிறத்துக்கு மாறி, எச்சில் கயிறாக வடிந்து, கால் பின்னினால் வெயில் அடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் நிழல், பிறகு குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, அக்குளில் விடாமல் ஊற்றி விசிற வேண்டும். ஈரத்துண்டை மேலே போர்த்தி அப்படியே விடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மலவாய் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். எழுந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் கெடுவது மறுநாள்தான் தெரியும்.

"தெருநாய் எல்லாம் இந்த வெயிலில் இல்லையா, பணக்காரத்தனம்" என்று எழுத ஒருவர் வருவார். ஐயா, பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருநாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிறுத்தி வைத்த காருக்கு அடியில், சாக்கடை ஓர ஈரத்தில் படுத்திருக்கும். எப்போது நடப்பது என்பதை அது தானே முடிவு செய்கிறது. வீட்டு நாய்க்கு அந்த உரிமை கிடையாது. நம் நாட்டு இனங்களான சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் முடி குட்டை, உடம்பு ஒல்லி, வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளை ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காதும் வெயிலில் வெந்து உரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போவது மழை விட்ட இடைவெளியில் மட்டும். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமி அதில்தான் வரும். அதற்கான தடுப்பூசியைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். முதல் தடவை போடுவதாக இருந்தால் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அதனால் ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். இதைவிட அவசரமானது மின்சாரம். ரோட்டோர ஈபி பெட்டியும் விளக்குக் கம்பமும் நாய் காலைத் தூக்கும் இடங்கள். நனைந்த தரை, கசியும் கம்பம், வெறுங்கால். மழைக்காலத்தில் கம்பம் பக்கம் இரண்டு கஜ தூரத்துக்கு விடாதீர்கள். வெளியே போக முடியாத நாளில், வேகவைத்த கோழித் துண்டுகளைப் பழைய சாக்கு, அட்டைப்பெட்டி, சுருட்டிய துண்டு என்று பத்து இடத்தில் ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். இருபது நிமிட மோப்ப வேலையில் ஒரு மணி நேரம் நடந்த நாய் மாதிரி படுத்துவிடும்.

மழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியதும் கரையோர நடை அருமையாக இருக்கும். பத்து மீட்டர் நீளக் கயிற்றை ஹார்னஸில் மாட்டிக்கொண்டு போங்கள், கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். பச்சைப் பாசியாகப் படர்ந்த தண்ணீரில் இறங்கவிடக் கூடாது. தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால் வாயை முன்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உண்ணியையும் கவனியுங்கள். காதுமடல், விரலிடுக்கு, வால் அடி, பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடியால் சுடுவது வேண்டாம், உண்ணி உள்ளிருப்பதைக் கக்கி நோயைத் தந்துவிட்டுத்தான் விழும். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கிண்டி தேசியப் பூங்கா பக்கம் நாயைக் கொண்டுபோகாதீர்கள். காட்டு விலங்குக்கும் பறவைக்கும் நம் நாய் ஒரு தொல்லை, சில நேரம் நோயும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்வலம் எல்லாம் லிஃப்டில்தான் தொடங்குகிறது. அபார்ட்மென்ட் சங்கங்கள் "நாய்க்கு லிஃப்ட் கிடையாது, படியில் போங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டுகின்றன. இடுப்பு மூட்டு தேய்ந்த பத்து வயது நாய் நான்கு மாடி இறங்க வேண்டுமாம். லிஃப்டுக்குத் தடை போடக் கூடாது, தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து வையுங்கள். கூடவே நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும்: மாநகராட்சி உரிமம், ரேபிஸ் சான்று, கழிவு எடுக்கப் பை, ஆறடிக் கயிறு. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்த பிறகு, "கடிக்காது சார்" என்று அவிழ்த்துவிடுபவர்களுக்கு என்னிடம் இரக்கம் இல்லை. வாய்மூடி போடுவதானால் கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். துணியால் வாயை இறுகக் கட்டினால் மூச்சிரைக்க முடியாது.

மலை ஏற ஆசை இருந்தால் ஏற்காடு முதல் முயற்சிக்குச் சரி, 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் 70 வளைவு பழகாத நாயை வாந்தியில் குளிப்பாட்டிவிடும். கிளம்ப நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை அல்ல. டீ குடிக்க இறங்கும்போது நாயைப் பூட்டிய காரில் விடாதீர்கள், பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறும். வால்பாறை, நீலகிரிப் பக்கம் இருட்டிய பிறகு காட்டேஜ் வாசலில் கட்டிவைக்க வேண்டாம். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை.

ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொண்டு போவதானால் முதல் வகுப்பு மட்டும்தான், ஏசியோ சாதாவோ. இரண்டு பெர்த் கூப்பேயையோ நான்கு பெர்த் கேபினையோ முழுதாக எடுத்து, தடுப்பூசிச் சான்றோடும் டாக்டர் தந்த உடல்தகுதிச் சான்றோடும் பார்சல் ஆபீஸில் முன்கூட்டியே போய்ப் பதிய வேண்டும். இன்னொரு வழி கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. காற்றோட்டம் குறைந்த இரும்பு அறை, கூட நீங்கள் இருக்க முடியாது. அதில் ஏற்றுவதற்குப் பதில் நம்பகமான ஆளிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வரலாம்.